பதினேழாம் பீப்பாய்

என் அக்கா கணவரை ஊரில் எல்லோரும் ‘பீப்பாய்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளைப் பார்க்காமல் பெயரை மட்டும் கேட்டவர்கள் தொந்தியும் தொப்பையுமாக ஒருவரைத் தேடுவார்கள். அத்தான் ஒட்டடைக்குச்சி. சட்டை ஆணியில் தொங்குகிறதா அவர் மேல் தொங்குகிறதா என்று அக்காவே கேலி செய்வாள். அந்தப் பெயர் உடம்பால் வந்ததல்ல, வேலையால் வந்தது. பதினான்கு வருஷம் அவர் பீப்பாய்களுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தார்.

இதெல்லாம் ஒரு உத்தியோகமா என்று சிரிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும். எங்கள் ஊர் இரண்டு நாடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஊர். இருபத்திரண்டு நாள் சண்டை நடந்தது. பாதி வீடுகளுக்குக் கூரை போன பிறகு இரண்டு அரசாங்கமும் வேண்டாவெறுப்பாக ஒரு தாளில் கையெழுத்துப் போட்டன. சண்டை எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்தில் ஒரு கோடு. கோட்டைக் காக்க வெளிநாடுகளிலிருந்து நீலத்தொப்பி போட்ட படை வந்தது. அவர்கள் யாரையும் சுட வரவில்லை. நடுவில் நின்று, எந்தப் பக்கம் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து எழுதுவதுதான் அவர்கள் வேலை.

கோடு என்றால் தரையில் கோடு கிடையாது. நூறு மீட்டருக்கு ஓர் எண்ணெய்ப் பீப்பாய், உள்ளே கல்லும் மண்ணும், வெளியே வெள்ளை பெயிண்ட், அதன் மேல் கறுப்பில் எண். மொத்தம் நாற்பத்தொன்று. பாஸ் வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் பீப்பாய் வரைக்கும் உழலாம், புல் அறுக்கலாம். அதைத் தாண்டினால் அந்தப் பக்கத்துக் காவல் கோபுரத்திலிருந்து குண்டு வரும்.

பழைய நூல் மில்தான் படையின் முகாம். அங்கே நான் மொழிபெயர்ப்பாளன். எனக்கு ஒரு கர்வம் உண்டு. விவசாயி அதிகாரியைத் திட்டினால் திட்டையும் அப்படியே ஆங்கிலத்தில் சொல்வேன். அதிகாரி ஏளனமாகச் சிரித்துக்கொண்டே சொன்னால் நானும் சிரித்துக்கொண்டே சொல்வேன். ஒரு சொல்லைக் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை என்று கல்யாண வீடு, சாவு வீடு பார்க்காமல் பீற்றிக்கொள்வேன். அத்தானை அந்த வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான். “என் மச்சான் வாய் வித்துப் பொழைக்கிறான், நான் கை வித்துப் பொழைக்கிறேன்” என்பார் அவர்.

பீப்பாய் விஷயத்தில் ஒரு சட்டம் இருந்தது. அத்தான் பெயிண்ட் அடிக்கலாம், அசைக்கக் கூடாது. ஒன்று சாய்ந்தால்கூட முகாமில் சொல்ல வேண்டும். முகாம் இரண்டு நாட்டுக்கும் கடிதம் எழுதும். இரண்டு பக்கத்து அதிகாரிகளும் வந்து டேப் பிடித்து அளந்த பிறகுதான் நிமிர்த்தலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றாம் வருஷம் ஒன்பதாம் பீப்பாய் ஒரு சாண் சாய்ந்தது. அந்த ஒரு சாணுக்கு நாலு மாதம் வாய்ச்சண்டை. அந்த நாலு மாதமும் வயலுக்கு ஒருவரையும் விடவில்லை, பயிர் நின்ற நிலையிலேயே கருகியது. அதிலிருந்து கோட்டில் வேலை செய்த எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. சாய்ந்ததைச் சத்தம் காட்டாமல் நிமிர்த்திவிடுவது, முகாமில் மூச்சு விடாமல் இருப்பது. ஊருக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நினைப்பதற்கென்ன.

பத்தாம் வருஷம் பெய்த மழையில் ஓடை கரைபுரண்டது. பதினேழாம் பீப்பாய் ஓடையின் இந்தக் கரையில் நின்றது. வெள்ளம் வடிந்து நாங்கள் போனபோது அது எதிர்க்கரை நாணலுக்குள் குப்புறக் கிடந்தது. உள்ளே இருந்த கல்லெல்லாம் போய்விட்டது. தண்ணீர் இன்னும் இடுப்பளவு ஓடிக்கொண்டிருந்தது. அத்தானுக்கு அப்போது முதுகுப் பிடிப்பு வேறு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. மழை தூறியது, கையில் பிளாஸ்க் டீ இருந்தது.

“இந்தத் தண்ணில இழுத்துட்டு வர முடியாதுடா. இப்போதைக்கு அங்கேயே நிமிர்த்தி வெச்சிடறேன். தண்ணி வத்தட்டும், மாத்திக்கலாம்.”

“நாணலுக்குள்ள யாருக்குத் தெரியப் போவுது அத்தான், வெச்சிட்டு வாங்க” என்றேன்.

கயிற்றைக் கட்டிக்கொண்டு அவர் எதிர்க்கரைக்குப் போனார். பீப்பாயை நிமிர்த்தி, நாலு கல்லைப் போட்டு, எண்ணையும் புதிதாக எழுதிவிட்டு வந்தார். இருக்க வேண்டிய இடத்திலிருந்து முப்பத்தைந்து அடி தள்ளி. முகாமில் கேப்டன் எல்லாப் பீப்பாயும் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்றார் அத்தான். அதை நான் ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன்.

தண்ணீர் வற்றியது. மாற்றவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று மூன்று வாரம் ஓடியது. அப்புறம் ஒரு நாள் காலை பால்காரம்மா புல் அறுக்கப் போனாள்.

அவளிடம் அப்போது நாலு மாடுகள். எங்கள் தெரு முழுக்க அவள் பால்தான். வெள்ளத்துக்குப் பிறகு ஓடையின் எதிர்க்கரையில் இடுப்புயரத்துக்குப் புல் நின்றது. பார்த்தாள், பீப்பாய் அதற்கும் அந்தப் பக்கம் இருந்தது. இந்த வருஷம் நமக்கு யோகம் என்று இறங்கிவிட்டாள். கோபுரத்திலிருந்து இரண்டு தடவை கத்தியிருக்கிறார்கள். மூன்றாவது தடவை சுட்டார்கள். குண்டு இடது முழங்காலைத் துளைத்தது.

செய்தி முகாமுக்கு வந்தது. இரண்டு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து அளக்க வர இரண்டு நாளாகும் என்றார்கள். அந்த இரண்டு நாளில் எது வேண்டுமானாலும் செய்திருக்கலாம். முகாமுக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாங்கள் என்ன செய்தோம் என்றால், மறுநாள் பனி விலகுமுன் பெயிண்ட் டப்பாவோடு போய்ப் பீப்பாயை இந்தக் கரைக்கு உருட்டி வந்து பழைய இடத்தில் அளந்து நிறுத்தினோம். இந்தத் தடவை நான் ஜீப்பிலிருந்து இறங்கினேன். எதிர்க்கரை மண்ணில் பீப்பாய் நின்ற வட்டத் தடம் இருந்தது. அதை என் செருப்புக் காலால்தான் தேய்த்தேன். பக்கத்திலேயே புல் மேல் ரத்தம் காய்ந்திருந்தது. அதைத் தாண்டித்தான் போனேன், வந்தேன்.

அத்தான் பெயிண்ட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்தான் வழி நெடுகப் பேசினேன். படையோட ஆளே கோட்டை நகர்த்தினான்னு தெரிஞ்சா அந்தப் பக்கம் சும்மா இருப்பானா, மறுபடி சண்டைதான், ஊர் தாங்குமா என்றேன். அதில் பொய்யும் இல்லை. எங்கள் இரண்டு பேர் வேலையும் போய்விடும் என்பதும் பொய்யில்லை. அதை மட்டும் நான் சொல்லவில்லை.

விசாரணை ஆஸ்பத்திரியில் நடந்தது. கட்டிலில் படுத்தபடி அவள் சொன்னாள்.

“பீப்பாய்க்கு இந்தப் பக்கந்தான் சார் நின்னேன். கத்துனது கேட்டுச்சு. நான்தான் பீப்பாயத் தாண்டலையே, வேற யாரையோ கத்துறாங்கன்னு நெனச்சேன். பீப்பாய் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு சார். என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

அப்படியே மொழிபெயர்த்தேன். கேப்டன் அத்தானிடம் திரும்பி, பதினேழாம் பீப்பாய் எப்போதாவது இடம் மாறியதா என்று கேட்டார். அத்தான் அவள் முகத்தைப் பார்க்காமல் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு, “இல்லை சார்” என்றார். அதையும் அப்படியே மொழிபெயர்த்தேன். டேப் பிடித்து அளந்ததில் பீப்பாய் அங்குலம் பிசகாமல் நின்றது. போர்நிறுத்தக் கோட்டை மீறியவர் என்ற பட்டியலில் அவள் பெயர் ஏறியது. பாஸ் பறிபோனது. அந்தப் பருவம் முழுக்க யாரையும் வயலுக்கு விடவில்லை. எல்லாம் இவளால்தான் என்று ஊர் அவளைக் கரித்துக்கொட்டியது. ‘தாண்டி’ என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். கண்ணு தெரியலைன்னா வீட்ல கிட என்று பெற்ற மகனே சொன்னானாம்.

ஆறு மாதம் கழித்து அவள் மறுபடி பால் ஊற்ற வந்தாள். சைக்கிளை ஊன்றுகோலாகப் பிடித்துத் தள்ளிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து. வாசலில் மணி அடிப்பாள். அந்த மணி கேட்டால் அத்தான் எங்கே இருந்தாலும் எழுந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவார். அவள் தெருமுனை தாண்டும் வரை தண்ணீர் கொட்டும்.

“பால்காரம்மா மணி அடிச்சா இவருக்கு வயித்தக் கலக்கிடுது, என்ன பொருத்தமோ” என்று அக்கா சிரிப்பாள். டீயில் பால் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். “டாக்டர் சொன்னாரா?” என்றாள் அக்கா. ஆமாம் என்றார். நாலு வருஷம் கறுப்பு டீ குடித்தார். நான் மாடியில் குடியிருந்தேன். நான் பால் ஊற்றித்தான் குடித்தேன். சர்க்கரைகூடக் குறைக்கவில்லை. எனக்கும் அவருக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான், அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

போன மாதம் இரண்டு நாடுகளும் நிரந்தர ஒப்பந்தம் போட்டன. படை கிளம்ப வேண்டிய நேரம் வந்தது. கோட்டில் கேட் போடப் போகிறார்கள், கோட்டுக்கு அப்பால் போய்விட்ட பழைய வயலுக்கும் புதுப் பாஸ் கொடுக்கப் போகிறார்கள் என்று ஊரே துள்ளியது. ஒரே ஒரு நிபந்தனை, மீறியவர் பட்டியலில் பெயர் இருந்தால் பாஸ் கிடையாது. பட்டியலைப் படையின் தளபதி கடைசி அறிக்கையோடு ஒப்படைப்பார். இரண்டு பக்கத்து அதிகாரிகளும் மறுநாள் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் முடிந்தது. பால்காரம்மாவிடம் அப்போது ஒரு மாடுதான் மிச்சம். தீவனத்துக்கு வழியில்லாமல் மற்ற மூன்றையும் விற்றிருந்தாள். பாஸ் கிடைக்காவிட்டால் அந்த ஒன்றும் போய்விடும்.

அத்தான் மாடிக்கு வந்தார். உட்காரவில்லை.

“சொல்லிடலாம்டா.”

“என்ன அத்தான் பேசறீங்க? கையெழுத்துப் போட்ட மை காயல. ஒரு பீப்பாய் நகர்ந்துச்சுன்னா நாப்பத்தொண்ணும் நகர்ந்திருக்கும்னு சொல்லுவான். நாளன்னைக்குக் கையெழுத்தே நின்னுடும்.”

“நிக்கட்டும். அவங்க வேலையே அதானே, பேசித் தீக்கறது? ஒரு பீப்பாய்க்கு ஒரு மாசம் பேசட்டும். பேசினா யாரும் சாவறதில்ல. பேசாம விட்டதுலதான் அந்தம்மா கால் போச்சு.”

பதினான்கு வருஷம் படையோடு சுற்றிய எனக்கு அந்தப் படை எதற்கு வந்தது என்று பெயிண்ட் அடிக்கிறவர் சொல்லித்தர வேண்டியிருந்தது. ஆனாலும் யோசிப்போம் என்றேன், அக்காவை நினைச்சுப் பாருங்க என்றேன், என்னென்னவோ சொல்லி அனுப்பினேன். என் மேஜை இழுப்பறையில் ஒரு கடிதம் இருந்தது. வேறொரு நாட்டில், வேறொரு கோட்டில், இதே படைக்கு மொழிபெயர்ப்பாளர்களை ஒருங்கிணைக்கும் வேலை. நம்பகமானவர் என்று தளபதியே பரிந்துரை எழுதியிருந்தார். அத்தானிடம் அதைப் பற்றி நான் சொல்லவில்லை.

மறுநாள் மில் முற்றத்தில் உள்ளூர் வேலைக்காரர்களுக்குப் பாராட்டு விழா. இரண்டு நாட்டு அதிகாரிகள் யாரும் இல்லை, அவர்கள் அடுத்த நாள்தான் வருவதாக இருந்தது. ஊர் முழுக்க வந்திருந்தது. முகாமுக்குப் பால் ஊற்றியவள் என்று பால்காரம்மாவையும் அழைத்திருந்தார்கள். மூன்றாம் வரிசை ஓரத்தில், கால் நீட்டுவதற்கு வசதியாக உட்கார்ந்திருந்தாள். தளபதி அம்மா நல்ல மனுஷி. அவருக்கு எங்கள் மொழி புரியாது. மேடையில் அவர் காதோரம் நின்று மெதுவாக மொழிபெயர்ப்பது என் வேலை.

அத்தானுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் அவர் மைக் முன்னால் வந்து நின்றார். மேடையில் பேசிப் பழக்கமில்லாதவர், ஏதாவது உளறிவிட்டு இறங்கிவிடுவார் என்று எதிர்பார்த்தேன்.

“பதினேழாம் பீப்பாய நான்தான் நகத்தினேன்” என்றார்.

சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“வெள்ளத்துல எதிர்க்கரைக்குப் போனத அங்கேயே நட்டு வெச்சேன். அந்தம்மா பீப்பாயத் தாண்டல. சுட்ட அப்புறம் திருட்டுத்தனமா எடுத்துட்டு வந்து பழைய எடத்துல வெச்சதும் நான்தான். கேட்டப்போ இல்லைன்னு பொய் சொன்னேன். அந்தம்மா சொன்னது அத்தனையும் நெசம். பட்டியல்லேருந்து அவங்க பேர எடுங்க. என் பேரப் போடுங்க.”

கூட இருந்த என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. தளபதி தலையைச் சாய்த்துத் தன் காதை என் பக்கம் கொண்டுவந்தார். நான் யோசித்தேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஊரின் அமைதி, ஒப்பந்தம் என்று பெரிய பெரிய சொற்கள் எல்லாம் மண்டைக்குள் வந்தன. அது எல்லாம் பம்மாத்து. நான் நினைத்தது இழுப்பறைக் கடிதத்தை.

“இத்தனை வருஷம் வேலை கொடுத்ததற்கு உங்களுக்குத் தேங்க் யூ சொல்கிறார். பதினேழாம் பீப்பாய் ஓடைக்கரையில் அழகான இடம், அதை மறக்க மாட்டேன் என்கிறார்” என்று ஆங்கிலத்தில் அவர் காதில் சொன்னேன்.

தளபதியின் கண் கலங்கியது. எழுந்து நின்று கை தட்டினார். மேடையில் இருந்த நீலத்தொப்பிகள் எல்லோரும் எழுந்து தட்டினார்கள். கீழே எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவரும் தட்டவில்லை. அத்தான் திகைத்துப்போய் என்னிடம் வந்தார்.

“எதுக்குடா கை தட்டுறாங்க? என்னமோ தேங்க் யூன்னு சொன்னியே. நான் தேங்க் யூ சொல்லவே இல்லையேடா?”

நான் அடுத்த சான்றிதழைத் தேடுவது போல் மேஜைப் பக்கம் குனிந்தேன். அவர் தளபதியிடமே போய், விரல்களை விரித்து எண்ணிக் காட்டி, “பதினேழு, பதினேழு” என்று தன் நெஞ்சில் தட்டிக்கொண்டார். தளபதி அம்மா அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார்.

மூன்றாம் வரிசையில் பால்காரம்மா எழுந்து நின்றிருந்தாள். முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மேடையைப் பார்த்தபடி நின்றாள். இனிமேல் தன்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று நினைத்திருக்கிறாள். அடுத்து சமையல்காரரைக் கூப்பிட்டார்கள். அதற்கடுத்து எலக்ட்ரீஷியனை. கடைசிச் சான்றிதழ் வரைக்கும் அந்தக் காலோடு அவள் உட்காரவே இல்லை.

படை போய்விட்டது. பட்டியல் கேட் பக்கத்துப் பலகையில் ஒட்டப்பட்டது. அவள் பெயர் இருந்தது. அத்தான் மனு எழுதிக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்கு நாலு நடை நடந்தார். ரெண்டு நாடும் கையெழுத்துப் போட்டது, எங்களால ஒண்ணும் பண்ண முடியாது, படையே எழுதினா மாத்தலாம் என்று சொல்லிவிட்டார்களாம். படைக்கு எழுதத் தெரிந்தவன், தளபதியின் விலாசம் வைத்திருப்பவன் ஊரில் நான் ஒருவன்தான்.

“உன்ன நான் காட்டிக்குடுக்க மாட்டேன். உங்க அக்காகிட்டகூட சொல்லல” என்றார் அத்தான் மாடிப்படியில் நின்றபடி. “நீயா சொல்லு. எனக்கு நாலு வருஷம் ஆச்சு. நீ அவ்ளோ நாள் எடுத்துக்காத. அந்த மாடு தாங்காது.” அதற்குப் பிறகு என்னோடு அவர் பேசவில்லை.

நேற்று பால்காரம்மா என்னைப் படிக்கட்டில் பிடித்துவிட்டாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்தேன், அப்படி வந்திருந்தால் தேவலை.

“பாத்தியா தம்பி, அந்த வெளிநாட்டுக்காரங்கள? உங்க அத்தான் மானத்த விட்டு அத்தன பேரு முன்னால சொன்னாரு. நீயும் ஒண்ணு விடாம அந்தம்மா காதுல எடுத்துச் சொன்ன. எல்லாத்தையும் கேட்டுட்டுக் கையத் தட்டிட்டுப் போயிட்டாங்களே, இவங்களும் மனுசங்களா?”

“சொன்னேன்மா” என்றேன். நான் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் கேட்கக்கூட இல்லை.

“நீ என்ன பண்ணுவ, பாவம்” என்று என் பாத்திரத்தில் அரை ஆழாக்குப் பால் கூடுதலாக ஊற்றினாள்.

இன்று காலை சைக்கிள் மணி கேட்டது. என் கால் தானாக எழுந்து போனது. குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கீழே வாசலில் அத்தானின் குரல் கேட்டது. “இருங்கம்மா, படி ஏறாதீங்க. பாத்திரத்த நான் எடுத்துட்டு வரேன்.”